வடிகட்டியில் சிக்கிய நஞ்சு எங்கே போகிறது?

ஒரு டன் வீட்டுக் குப்பையை நவீன எரிஉலையில் போட்டால், உலைத்தட்டுக்கு அடியில் 200 முதல் 300 கிலோ வரை கரடுமுரடான சாம்பல் விழுகிறது. கண்ணாடிச் சில்லு, ஓட்டுத் துண்டு, ஆணி, உருகி உறைந்த அலுமினியக் கட்டி எல்லாம் அதில் கிடக்கும். இது அடிச்சாம்பல். இன்னொரு சாம்பல் புகையோடு மேலே போகிறது. கொதிகலனிலும் வடிகட்டிகளிலும் அதைப் பிடித்துச் சேர்த்தால், புகையைக் கழுவப் போட்ட சுண்ணாம்பையும் சேர்த்து 20 முதல் 50 கிலோ தேறும். மாவுபோல் நுண்ணிய, உப்புக் கரிக்கும் சாம்பல் நிறத் தூள். இதைப் பறக்கும் சாம்பல் என்கிறார்கள்.

எரிஉலை பற்றிய வாக்குவாதங்களில் எல்லோருடைய கண்ணும் புகைபோக்கி மீதே இருக்கிறது. எதிர்ப்பவர்கள் அதைக் காட்டி அஞ்சுகிறார்கள். ஆதரிப்பவர்கள் அதன் வாயில் மாட்டிய அளவுக் கருவியைக் காட்டி, பார்த்தீர்களா சுத்தம் என்கிறார்கள். பல நாடுகளின் புகை கடந்த 40 ஆண்டுகளில் உண்மையாகவே சுத்தமாகியிருக்கிறது. ஆனால் புகையிலிருந்து எடுக்கப்பட்ட ஒவ்வொரு மில்லிகிராம் ஈயமும் அந்த 20, 50 கிலோ தூளுக்குள்தான் இருக்கிறது. வடிகட்டி எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ, தூள் அவ்வளவு கொடியதாகிறது. எரிஉலையின் தரத்தைச் சாம்பலைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

உலோகங்களிலிருந்து தொடங்கலாம். தீயால் உலோகத்தை அழிக்க முடியாது. இடம் மாற்றத்தான் முடியும். உலையின் நடுவில் 850 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம். பாதரசம் 357 டிகிரியில் கொதித்துவிடும், காட்மியம் 767 டிகிரியில். இரண்டும் ஆவியாகிப் புகையோடு போகும் என்பது எதிர்பார்க்கக்கூடியதே. ஈயத்தின் கொதிநிலையோ 1,749 டிகிரி. அது அடியிலேயே தங்கிவிடும் என்று நினைக்கத் தோன்றும். குளோரின் அந்தக் கணக்கைக் கலைத்துவிடுகிறது. குளோரினோடு சேர்ந்து ஈயக் குளோரைடாக மாறினால் 950 டிகிரியே போதும்; அதற்கு வெகு கீழேயே ஆவியாகத் தொடங்கிவிடும். துத்தநாகக் குளோரைடுக்கு 732 டிகிரி. அதாவது குப்பையில் குளோரின் இருந்தால் கனமான உலோகங்களுக்கும் சிறகு முளைக்கிறது.

இந்தக் குளோரின் எங்கிருந்து வருகிறது? பிவிசி குழாய், மின்கம்பியின் மேலுறை, ரெக்சின் என்று உடனே சொல்லிவிடுவோம். அது சரிதான். ஆனால் சாப்பாட்டு மிச்சத்தில் இருக்கும் சோற்றுப்பும் குளோரின்தான். ஊறுகாயும் கருவாடும் குழம்பும் நிறைந்த நம் சமையலறைக் குப்பையைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது.

புகை கொதிகலனைக் கடந்து குளிரும்போது, ஆவியான உலோகங்கள் புகையில் மிதக்கும் தூசி மீது படிகின்றன. ஒரே எடையில், தூசி எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு அதிகம் அதன் மேற்பரப்பு. ஆகவே மிக நுண்ணிய தூசியில்தான் நஞ்சு மிகச் செறிவாகப் படிகிறது. மூச்சில் ஆழமாகப் போகக்கூடியதும் அந்தத் தூசிதான்.

அடுத்தது டயாக்சின். குளோரின் ஏறிய இரட்டை வளைய மூலக்கூறுகளின் குடும்பம் இது. டயாக்சின்களில் 75 வகை, அவற்றின் உடன்பிறப்பான ஃபியூரான்களில் 135 வகை. இந்த 210இல் 17 மட்டும் மிகக் கொடியவை. 1976இல் இத்தாலியின் செவேசோ ஊரை ஒட்டி நடந்த வேதியியல் ஆலை விபத்தால் உலகம் இந்தப் பெயரைக் கேட்டுப் பயந்தது. இவற்றிலேயே கடுமையான வகையைப் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச நிறுவனம் 1997இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று வகைப்படுத்தியது. செவேசோ நடந்த மறுவருடமே, 1977இல், நெதர்லாந்து ஆய்வாளர் ஓலியும் அவருடைய சக ஆய்வாளர்களும் அந்நாட்டு நகராட்சி எரிஉலைகளின் பறக்கும் சாம்பலிலும் புகையிலும் டயாக்சின் இருப்பதைக் கண்டு வெளியிட்டார்கள். யாரும் டயாக்சினைத் தயாரிக்காத இடம் அது. எந்தத் தொழிற்சாலைக் கழிவும் அங்கே தனியாக எரிக்கப்படவில்லை. மக்களின் அன்றாடக் குப்பைதான் எரிந்தது. இந்தத் துறையில் அதன் பிறகு எழுதப்பட்ட எல்லாவற்றுக்கும் அந்தக் கட்டுரையே தொடக்கம்.

புதிர் இங்கேதான் இருந்தது. 850 டிகிரியில் டயாக்சின் சிதைந்துவிட வேண்டும். உண்மையில் சிதையவும் செய்கிறது. அப்படியானால் சாம்பலில் எப்படி வந்தது? ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ ஆராய்ச்சி மையத்தில் ஃபோக், ஸ்டீக்லிட்ஸ் என்ற இருவர் 1980களின் நடுவில் ஒரு எளிய சோதனை செய்தார்கள். எரிஉலைச் சாம்பலை எடுத்து, காற்று பாயவிட்டு, ஆய்வகத்தில் மீண்டும் சூடேற்றினார்கள். 300 டிகிரியை ஒட்டி டயாக்சின் குறையவில்லை, பல மடங்கு பெருகியது. 600 டிகிரியில் அழிந்தது. எரியாமல் மிஞ்சிய கரித்துகள், குளோரைடு உப்பு, வினையைத் தூண்டும் செம்பு, கொஞ்சம் ஆக்சிஜன் ஆகிய நான்கும் பறக்கும் சாம்பலில் ஒன்றாக இருக்கின்றன. புகை 450 டிகிரியிலிருந்து 250 டிகிரிக்கு இறங்கும் அந்த இடைவெளியில், சாம்பல் தூசியின் மேற்பரப்பிலேயே டயாக்சின் புதிதாகக் கட்டப்படுகிறது. நெருப்பு அழித்ததைக் குளிரும் புகை மறுபடி உண்டாக்குகிறது.

சில ஆண்டுகளில் டூபிங்கன் பல்கலைக்கழகத்தின் ஹாகன்மையர் இதன் மறுபக்கத்தைக் காட்டினார். அதே சாம்பலை அதே வெப்பத்தில் ஆக்சிஜன் இல்லாமல் சூடேற்றினால், டயாக்சினைக் கட்டிய அதே செம்பு அதன் குளோரினை உருவி எடுத்துவிடுகிறது. ஜப்பானில் சில ஆலைகள் இம்முறையைப் பின்பற்றிச் சாம்பலைச் சுத்தம் செய்தன. நோயை உண்டாக்கும் இடத்திலேயே மருந்தையும் கண்டுபிடித்த இந்த இரண்டு ஆய்வுகளையும் நான் பெரிதாக மதிக்கிறேன்.

கட்டுப்பாட்டின் முதல் படி இதிலிருந்தே வந்தது. உலையில் 850 டிகிரிக்குக் குறையாத வெப்பம், அதில் புகை குறைந்தது 2 விநாடி தங்குதல், பிறகு ஆபத்தான வெப்ப எல்லையில் நிற்கவிடாமல் 200 டிகிரிக்குக் கீழே வேகமாகக் குளிர்வித்தல். பின்னர் அமில வாயுவைப் பிடிக்கச் சுண்ணாம்பு தூவுகிறார்கள்; பாதரசத்தையும் டயாக்சினையும் உறிஞ்சக் கிளர்வூட்டிய கரித்தூள் தூவுகிறார்கள்; கடைசியில் நெய்த பைகளாலான வடிகட்டி எல்லாவற்றையும் தடுத்து நிறுத்துகிறது.

ஜப்பான் இதைக் கண்ணெதிரே நிகழ்த்திக் காட்டியது. 1990களில் அந்நாடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எரிஉலைகளில் குப்பையை எரித்தது. அவற்றில் பல சிறியவை, பகலில் மூட்டி இரவில் அணைப்பவை. மூட்டும்போதும் அணைக்கும்போதும்தான் டயாக்சின் அதிகம். ஒசாகா மாவட்டத்து நோசே என்ற ஊரின் எரிஉலையைச் சுற்றியிருந்த மண்ணிலும், அங்கே வேலை செய்தவர்களின் ரத்தத்திலும் கூடுதலான டயாக்சின் கண்டறியப்பட்டது. 1999 பிப்ரவரியில் டோக்கியோவுக்கு அருகிலுள்ள தொகோரோசாவாவின் காய்கறிகள் பற்றி ஒரு தொலைக்காட்சிச் செய்தி ஒளிபரப்பானதும் கீரை விலை சரிந்தது. அதே ஆண்டு நாடாளுமன்றம் டயாக்சினுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. சிறு உலைகள் மூடப்பட்டன. எஞ்சியவை இரவு பகலாக ஓடின. 1997இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 8,000 கிராம் என்று மதிப்பிடப்பட்ட அந்நாட்டின் மொத்த டயாக்சின் வெளியேற்றம் 6 ஆண்டுகளில் 95 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. எரிஉலை தானாகவே தீயது, திருத்தவே முடியாதது என்று சொல்பவர்கள் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அந்நாட்டு விதிகளின் இன்னொரு பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஜப்பான் பறக்கும் சாம்பலைச் சாதாரணக் குப்பையின் மிச்சமாக நடத்தவில்லை. தனிக் கட்டுப்பாட்டுக்கு உரிய கழிவு என்று பிரித்தது. அடிச்சாம்பலோடு கலக்கக் கூடாது, ஒரு கிராமில் 3 நானோகிராமுக்கு மேல் டயாக்சின் இருந்தால் அப்படியே புதைக்கக் கூடாது, உருக்குவது, சிமென்ட்டால் கட்டுவது, வேதிப்பொருளால் பிணைப்பது, அமிலத்தால் பிரித்தெடுப்பது போன்ற அங்கீகரிக்கப்பட்ட முறைகளில் ஒன்றுக்கு உட்படுத்திய பிறகே மண்ணுக்குள் போகலாம் என்று விதித்தது.

இந்த எச்சரிக்கை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கப்பலின் கதை இருக்கிறது. 1986இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர எரிஉலைச் சாம்பல் ஏறத்தாழ 14,000 டன்னை ஏற்றிக்கொண்டு கியான் சீ என்ற கப்பல் புறப்பட்டது. பஹாமாஸ் இறக்கவிடவில்லை. வேறு பல நாடுகளும் மறுத்தன. 1988 ஜனவரியில் ஹைதியின் கொனாயிவ் கடற்கரையில் 4,000 டன் அளவுக்குச் சாம்பலை உரம் என்று சொல்லிக் கொட்டினார்கள். உண்மை தெரிந்து ஹைதி அரசு திரும்ப எடுக்கச் சொன்னபோது கப்பல் நழுவிவிட்டது. பிறகு பெயரை மாற்றிக்கொண்டு பல மாதம் அலைந்து, மீதிச் சாம்பலை அட்லாண்டிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் கொட்டித் தீர்த்தது. நம் கரையைத் தொடும் கடலுக்கும் அதில் பங்கு கிடைத்தது. இடர்தரும் கழிவுகளை நாடு விட்டு நாடு கடத்துவதைக் கட்டுப்படுத்தும் பாசல் ஒப்பந்தம் 1989இல் உருவானதற்குத் தூண்டுதலாக இருந்த நிகழ்வுகளில் இதுவும் ஒன்று. ஹைதிக் கரையில் கிடந்த சாம்பல் 2000இல்தான் எடுக்கப்பட்டு அமெரிக்காவுக்குத் திரும்பியது. 2002இல் அது புறப்பட்ட பென்சில்வேனியா மாநிலத்திலேயே புதைக்கப்பட்டது.

வறிய நாட்டின் தலையில் கட்டுவார்கள், பணக்கார நாட்டில் இப்படி நடக்காது என்று இதைப் படித்துவிட்டு ஒதுக்கிவிட முடியாது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில், பைக்கர் பகுதி வீடுகளுக்கு வெந்நீர் கொடுக்கும் எரிஉலை ஒன்று இருந்தது. அதன் அடிச்சாம்பலும் பறக்கும் சாம்பலும் கலந்த கலவை 1994 முதல் 1999 வரை ஏறத்தாழ 2,000 டன், மக்கள் காய்கறி போடும் பொதுத் தோட்டங்களின் நடைபாதைகளில் பரப்பப்பட்டது. பாதை சேறாகாமல் கெட்டியாக இருக்கும் என்பது நோக்கம். சோதித்தபோது டயாக்சினும் கன உலோகங்களும் மிகுந்திருந்தன. பாதையில் மேய்ந்த கோழிகளின் முட்டையில் டயாக்சின் ஏறியிருந்தது. முட்டையைச் சாப்பிடாதீர்கள், கைக்குழந்தைகளைத் தோட்டத்தில் விளையாட விடாதீர்கள் என்று நகராட்சி அறிவிக்க நேர்ந்தது. பிறகு சாம்பலை வாரி எடுத்தார்கள். இரண்டு சாம்பலும் தனித்தனியே வைக்கப்பட்டிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. அடிச்சாம்பலில் இரும்பையும் அலுமினியத்தையும் பிரித்தெடுத்து, திறந்த வெளியில் சில மாதங்கள் காற்றும் மழையும் படவிட்டு, காரத்தன்மை தணிந்த பிறகு சாலைக்கு அடித்தளமாகப் போடுவது நெதர்லாந்திலும் டென்மார்க்கிலும் நெடுநாளைய வழக்கம். பறக்கும் சாம்பலை அதில் கலப்பது, தன் கழிவைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்ய ஓர் ஆலைக்குக் கிடைக்கும் மிக மலிவான வழி. அதை நான் தந்திரம் என்றுதான் சொல்வேன்.

அமெரிக்காவில் சாம்பல் பற்றிய ஒரு கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. வீட்டுக் குப்பைக்கு இடர்தரும் கழிவு விதிகளிலிருந்து விலக்கு உண்டு. அதை எரித்த சாம்பலுக்கும் விலக்கு உண்டா? சிகாகோ நகரம் உண்டு என்றது. 1994இல் நீதிமன்றம் இல்லை என்று தீர்ப்பளித்தது. வீட்டுக் குப்பையாக உள்ளே போனது, எரிந்து வெளியே வரும்போது வேறொரு பொருள். அதைத் தனியே சோதிக்க வேண்டும்.

சோதனை என்பது என்ன? அமெரிக்காவிலும் இந்தியாவிலும் சாம்பலை 20 மடங்கு எடையுள்ள அசெட்டிக் அமிலக் கரைசலில் போட்டு 18 மணி நேரம் சுழற்றி, கரைந்து வரும் உலோகத்தை அளக்கிறார்கள். லிட்டருக்கு ஈயம் 5 மில்லிகிராமுக்கு மேலோ, காட்மியம் 1 மில்லிகிராமுக்கு மேலோ போனால் அது இடர்தரும் கழிவு. பயனுள்ள சோதனைதான். ஆனால் 18 மணி நேரச் சோதனையை வைத்துக்கொண்டு, கிடங்கில் பல பத்தாண்டுகள் மழைநீரில் ஊறப்போகும் பொருளுக்கு நற்சான்று கொடுக்கிறோம் என்பதை மறக்கலாகாது.

ஈயத்தின் நடத்தை இதை நன்றாக விளக்கும். புகையின் அமிலத்தைப் பிடிக்கத் தூவிய சுண்ணாம்பில் வினைபுரியாத மிச்சமும் பறக்கும் சாம்பலில் சேர்கிறது. அதனால் சாம்பலின் காரத்தன்மை பிஎச் 12ஐத் தாண்டுவதுண்டு. பெரும்பாலான உலோகங்கள் காரத்தில் கரையாமல் அடங்கியிருக்கும். ஈயம் அமிலத்திலும் கரையும், மிகுந்த காரத்திலும் கரையும். இடைப்பட்ட நிலையில்தான் அடங்கும். காற்றைக் காக்கப் போட்ட சுண்ணாம்பே நிலத்தடியில் ஈயத்தை அவிழ்த்துவிடுகிறது. சோதனையில் ஊற்றும் அமிலம் இந்தக் காரத்தை ஓரளவு தணித்துவிடுவதால், ஆய்வகத்தில் தேறிய சாம்பல் கிடங்கில் வெறும் மழைநீர் பட்டதும் ஈயத்தைக் கசியவிட வாய்ப்பு உண்டு.

இனி, இந்தத் தூளை என்ன செய்வது? எளிய வழி, சிமென்ட்டோடு குழைத்துக் கல்லாக்கிப் புதைப்பது. செலவு குறைவு, தூசி பறக்காது. ஆனால் பறக்கும் சாம்பலின் எடையில் ஐந்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும்கூடக் கரையும் உப்பாக இருக்கலாம். உப்பு மெல்லக் கரைந்து வெளியேறினால் கல்லுக்குள் துளை விழுகிறது. துளை வழியே நீர் உள்ளே போகிறது. எடையும் கூடிவிடுகிறது, புதைக்கும் இடம் அதிகம் தேவைப்படுகிறது. ஜப்பானிய ஆலைகள் பெரும்பாலும் டைதயோகார்பமேட் வகை வேதிப்பொருளைக் கலக்கின்றன. அது ஈயத்தை இறுகப் பிடித்துக் கரையாமல் செய்கிறது. ஆனால் அது கரிமப் பொருள், காலப்போக்கில் சிதையக்கூடியது. பாஸ்பேட் கலக்கும் முறை எனக்கு இதைவிட நம்பிக்கை தருகிறது. ஈயமும் பாஸ்பேட்டும் சேர்ந்தால் இயற்கையில் தாதுவாகவே கிடைக்கும், அரிதாகக் கரையும் பொருள் உண்டாகிறது. ஆனால் இந்த முறைகள் எதுவும் டயாக்சினைத் தொடுவதில்லை. உலோகத்தைப் பூட்டுகின்றன, அவ்வளவே.

டயாக்சினையும் சேர்த்து ஒழிக்க ஜப்பான் 1990களில் சாம்பலை 1,300 டிகிரிக்கு மேல் உருக்கிக் கண்ணாடியாக்கும் உலைகளைக் கட்டியது. டயாக்சின் அழிந்தது, அளவு சுருங்கியது, கண்ணாடியிலிருந்து உலோகம் கசியவில்லை. ஆனால் ஈயமும் காட்மியமும் உப்பும் அந்த வெப்பத்தில் மறுபடி ஆவியாகி, மறுபடி குளிர்ந்து, முன்னிலும் செறிவான இன்னொரு தூளாக இன்னொரு வடிகட்டியில் வந்து உட்கார்ந்தன. எரிபொருள் செலவும் கடுமை. இந்த உலைகள் பலவும் பின்னாளில் நிறுத்தப்பட்டன.

மேற்கு டோக்கியோவின் தாமா பகுதி வேறு வழியில் போனது. அங்குள்ள 25 நகரங்களும் ஒரு சிற்றூரும் சேர்ந்து தங்கள் சாம்பலை ஹினோதே என்ற மலையூரில் புதைத்துவந்தன. கசிவுநீர் பற்றி 1990களில் ஹினோதே மக்கள் எழுப்பிய எதிர்ப்பு நீண்டது, உறுதியானது. கடைசியில் அதே இடத்தில் 2006இல் சாம்பலை மூலப்பொருளாகக் கொண்டு சிமென்ட் செய்யும் ஆலை தொடங்கப்பட்டது. சூளையின் 1,350 டிகிரி வெப்பத்தில் டயாக்சின் சிதைகிறது. சாம்பலின் சுண்ணாம்பும் மணற்சத்தும் சிமென்ட்டாகின்றன. ஆவியாகும் ஈயத்தையும் செம்பையும் குளிர்வித்துப் பிடித்து உலோக உருக்காலைக்கு அனுப்புகிறார்கள். அன்றிலிருந்து அங்கே சாம்பல் புதைப்பது நின்றது. மலிவான தீர்வு அல்ல. ஆனால் ஊர்மக்கள் கேட்ட கேள்விக்கு நேரான பதில்.

சுவிட்சர்லாந்து கழுவுகிறது. அரிசி களைவதுபோல் சாம்பலை அலசுவது என்று தொடக்கநிலையில் சொல்லலாம். அதற்குமேல் வேதியியல் நுணுக்கமானது. புகையைக் கழுவிய அமில நீரையே சாம்பலைக் கழுவவும் எடுத்துக்கொள்கிறார்கள். துத்தநாகமும் காட்மியமும் ஈயமும் கரைந்து பிரிகின்றன. சுக்வில் ஊரின் ஆலையில் அந்தக் கரைசலிலிருந்து மிகத் தூய துத்தநாகத் தகடு எடுக்கிறார்கள். பறக்கும் சாம்பலிலிருந்து உலோகத்தை மீட்டாக வேண்டும் என்று அந்நாட்டுக் கழிவு ஆணையே சொல்கிறது. அந்தத் தூளில் துத்தநாகம் சில விழுக்காடு இருப்பதால் அது ஒருவகையில் தாதுமண்தான்.

நார்வேயின் ஓஸ்லோ கடற்கழியில் லாங்கோயா என்ற தீவு உண்டு. சிமென்ட்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டி வெட்டி, கடல் மட்டத்துக்குக் கீழே ஆழமான பள்ளம் ஆகிவிட்டது. நார்வேயின், அண்டை நாடுகளின் பறக்கும் சாம்பல் அங்கே வந்தது. டைட்டானியம் ஆலையின் கழிவுக் கந்தக அமிலத்தோடு அதைச் சேர்த்தார்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தணித்து, ஜிப்சம் குழம்பாகி, உலோகங்களைக் கட்டிப்போட்டுப் பள்ளத்தில் உறைந்தது. இரு கழிவுகளைக் கொண்டு ஒன்றை ஒன்று அடக்குவது கெட்டிக்காரத்தனமான வேலை. ஆனால் பள்ளம் நிரம்பத் தொடங்கியதும் அடுத்த இடம் தேட வேண்டியதாயிற்று; ப்ரெவிக் என்ற ஊரின் சுரங்கத்தைக் குறித்தபோது ஊர்மக்கள் எதிர்த்தார்கள்.

இடப்பற்றாக்குறையைத் தமிழர்கள் வாழும் ஒரு நகரமே நன்றாக அறியும். சிங்கப்பூர் 1979இல் முதல் எரிஉலையைத் தொடங்கியது. எரிக்கக்கூடிய குப்பை எல்லாவற்றையும் எரிக்கிறது. அளவு பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. 1999 ஏப்ரல் முதல் அந்தச் சாம்பல் துவாஸ் துறையிலிருந்து படகில் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. இரண்டு தீவுகளுக்கு நடுவே 7 கிலோமீட்டர் நீளக் கரை எழுப்பி, நீர் ஊடுருவாத விரிப்பும் கடற்களிமண்ணும் போட்டுக் கட்டிய 350 ஹெக்டேர் கிடங்கு அது. சுற்றிலும் அலையாத்திக் காடு வளர்த்திருக்கிறார்கள், பறவைகள் வருகின்றன. நான் அறிந்த சாம்பல் கிடங்குகளில் இவ்வளவு அக்கறையோடு கட்டப்பட்டது வேறில்லை. 2045 வரை தாங்கும் என்று முதலில் கணித்தார்கள். இப்போது 2035 என்கிறார்கள். அதனால் சாம்பலைச் சோதித்துப் பதப்படுத்திச் சாலைக்கு மணலாகப் போட முடியுமா என்று முயன்றுவருகிறார்கள்.

நம் ஊருக்கு வருவோம். டெல்லி திமார்பூரில் 1987இல் டென்மார்க் உதவியோடு நாளுக்கு 300 டன் எரிக்கும் ஆலை கட்டப்பட்டது. சில வாரங்களுக்கு மேல் ஓடவில்லை. குப்பை ஈரமாகவும் மண்ணாகவும் இருந்தது, எரியவில்லை. இந்தத் தோல்வியை மின்சாரக் கணக்காக மட்டுமே பார்ப்பது வழக்கம். சாம்பலின் பக்கமிருந்து பார்த்தாலும் அதில் பாடம் இருக்கிறது. ஈரக் குப்பை உலையின் வெப்பத்தைக் குடிக்கிறது. அரைகுறையாக எரிந்து கரித்துகள் மிஞ்சுகிறது. அந்தக் கரிதான் 300 டிகிரியில் டயாக்சினுக்குக் கச்சாப்பொருள். மக்கும் குப்பையை வீட்டு வாசலிலேயே பிரிப்பது உரத்துக்காக மட்டும் என்று தூய்மைப் பணியாளர்களும் நாமும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கார்பனும் உப்பும் உலைக்குள் போகாமல் தடுக்கும் முதல் கட்டுப்பாட்டுக் கருவியும் அதுவே. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் இதை உணர்ந்தே எழுதப்பட்டவை. கிலோவுக்கு 1,500 கிலோகலோரி அல்லது அதற்கு மேல் வெப்பம் தரும், மறுசுழற்சி செய்ய முடியாத குப்பையைப் புதைக்காமல் எரிசக்திக்கே பயன்படுத்த வேண்டும், குளோரின் கலந்த பிளாஸ்டிக் உலைக்குள் போகக் கூடாது, இரண்டாம் எரிஅறையில் 950 டிகிரி வேண்டும், புகையில் டயாக்சின் கனமீட்டருக்கு 0.1 நானோகிராமைத் தாண்டக் கூடாது, சாம்பலின் நச்சு உலோகங்கள் இடர்தரும் கழிவு விதிகளின் எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று அவை விதித்தன. எழுத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை.

சென்னை மாநகராட்சி கொடுங்கையூரில் நாளுக்கு 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கத் திட்டமிட்டது. 2025இல் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்று எதிர்த்தார்கள். புகையைப் பற்றி அவர்கள் அஞ்சியது செய்திகளில் வந்தது. நான் சாம்பலைக் கணக்கிட்டுப் பார்க்கிறேன். குப்பையின் எடையில் 2 முதல் 4 விழுக்காடு பறக்கும் சாம்பல் என்று கொண்டால் நாளுக்கு 42 முதல் 84 டன். ஆண்டுக்கு 15,000 முதல் 30,000 டன். ஆலை 25 ஆண்டு ஓடும் என்றால் பெருக்கிக்கொள்ளலாம். இது எங்கே வைக்கப்படும், எந்த முறையில் பிணைக்கப்படும், டயாக்சினை யார் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அளப்பார்கள், அந்த முடிவு எந்தப் பலகையில் ஒட்டப்படும் என்பதற்கெல்லாம் ஒப்பந்தத்திலேயே விடை எழுதப்பட்டிருக்க வேண்டும். எண்ணூர் கழிமுகத்தில் அனல்மின் நிலையக் குழாய்கள் கசிந்து நிலக்கரிச் சாம்பல் படிந்ததை அப்பகுதி மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். நிலக்கரிச் சாம்பலைவிட எரிஉலைப் பறக்கும் சாம்பலில் ஈயமும் காட்மியமும் கரையும் உப்பும் பல மடங்கு. அந்தச் சாம்பலையே குழாய்க்குள் வைத்திருக்க முடியாத ஓரிடத்தில், இந்தச் சாம்பலை நம்பச் சொன்னால் மக்கள் தயங்குவது நியாயம். தயக்கத்தை அறியாமை என்று பெயரிடுவது நியாயமில்லை.

எரிஉலை வேண்டாம் என்பவர்கள் மறந்துவிடும் ஒன்றையும் சொல்ல வேண்டும். தெருமுனையிலும் குப்பை மேட்டிலும் குப்பை எரியத்தான் செய்கிறது. வடிகட்டி இல்லை, வெப்பம் குறைவு, டயாக்சின் கட்டும் எல்லையிலேயே புகைந்துகொண்டிருக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட கணக்குப்படி, கொல்லைப்புறப் பீப்பாயில் குப்பை எரிக்கும் 2 முதல் 40 வீடுகள் வெளியிடும் டயாக்சின், நாளுக்கு ஏறத்தாழ 180 டன் எரிக்கும் முறையான ஆலை வெளியிடுவதற்குச் சமம். அந்தச் சாம்பல் நம் கைக்கே வருகிறது. அடுப்புச் சாம்பலால் பாத்திரம் துலக்கியவர்கள், கத்தரிச் செடியில் பூச்சிக்குச் சாம்பல் தூவியவர்கள், விதையைச் சாம்பலில் புரட்டி வைத்தவர்கள் நாம். விறகும் சாணமும் எரிந்த காலத்தில் அதில் பிழை இல்லை. பிளாஸ்டிக் கவரும் ஒயரும் பேட்டரியும் எரிந்த சாம்பலைச் செடிக்குப் போடுவது நியூகாசில் தோட்டத்தில் நடந்ததைத் தன் வீட்டுக் கொல்லையில் செய்வது. கோழி வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டயாக்சின் மண்ணிலிருந்து முட்டைக்கு வரும் வழி மிகக் குறுகியது.

இந்தத் தூளுக்கு மிக அருகில் நிற்பவர்கள் ஆலைத் தொழிலாளர்கள். சாம்பல் தொட்டியின் வாயைத் திறந்து லாரியில் இறக்குவதும், வடிகட்டிப் பைகளைக் கழற்றி உதறுவதும், கொதிகலன் குழாய்களில் படிந்ததைச் சுரண்டுவதும் மனிதக் கைகள்தான். நோசேயில் நடந்ததற்குப் பிறகு, 2001இல் ஜப்பானின் தொழிலாளர் நல அமைச்சகம் எரிஉலைப் பணிகளுக்கென்றே வழிகாட்டு விதிகள் வெளியிட்டது. உள்ளே நுழையும் முன் பணியிடக் காற்றில் டயாக்சினை அளக்க வேண்டும். அளவைப் பொறுத்துப் பாதுகாப்பு உடையும் சுவாசக் கவசமும் படிப்படியாக மாற வேண்டும். தூசி எழாமல் முதலில் நனைக்க வேண்டும். பழைய உலையை இடிக்கும்போதும் இதே ஒழுங்கு பின்பற்றப்பட வேண்டும். நம் மாநகராட்சிகளின் ஒப்பந்தப் பத்திரங்களில் மின் அலகின் விலை தசமப் புள்ளி வரை எழுதப்படுகிறது. சாம்பல் அறையில் இறங்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் முகக்கவசம் எந்த வகை, அவருடைய ரத்தத்தில் ஈயம் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அளக்கப்படும், அந்தச் செலவு யாருடையது என்பதும் அதே பத்திரத்தில், அதே துல்லியத்தோடு எழுதப்பட வேண்டும்.